மாஸ்டருக்கு வைத்த காரி

கௌரி ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டிராவிட்டால் சாம்பவிக்கு ஒன்றும் தெரிய வந்திராது.

ஞாயிற்றுக்கிழமை. பாரிசின் லா சப்பலில் சாம்பவி ரோல்ஸ் சுற்றுகிற சாப்பாட்டுக் கடையில் அவளுக்கு லீவு. புறநகர் பியர்ஃபித்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்து, குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கௌரியின் கை முழுக்க உழுந்து மா. அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் தகப்பன் எடுத்தார்.

மாப்பிள்ளை என்று கௌரி சொல்லத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான். மகள் யசோதினியும் ஐங்கரன் என்ற அந்தப் பெடியனும் யூனிவேர்சிட்டியிலேயே பழகி, தாங்களே முடிவெடுத்துவிட்டு, பேசிச் செய்கிற சம்பிரதாயத்தை மட்டும் பெரியவர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். பெடியனின் தகப்பன் அருட்பிரகாசம் நெடுங்காலம் சுவிசில் இருந்தவர். இப்போது லா சப்பலில் புடவைக் கடை போட்டிருந்தார். அடுத்த மாதம் குடும்பமாகச் சாப்பிட வருகிறோம் என்று சொல்லத்தான் எடுத்திருந்தார். வீடு சின்னது, குறை நினைக்கக்கூடாது என்று கௌரி இழுத்தாள்.

“ஒண்டும் யோசிக்காதேங்கோ தங்கச்சி. எல்லாம் வெல்லலாம்,” என்றது ஃபோன்.

சாம்பவியின் கையில் கத்தி அப்படியே நின்றது. வெங்காயத்தால் கண்ணில் வந்திருந்த தண்ணீரைத் துடைக்கவும் மறந்துபோனாள். முகத்தை மறக்கலாம், அந்தக் குரலை எப்படி மறப்பது? எத்தனை தரம் அதை எதிர்பார்த்து ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இலங்கையில் சண்டை முடிந்து, முகாமில் இருந்து வெளியே வந்த அடுத்த வருசம் அவளும் கணவன் கீர்த்தனனும் பிரான்சுக்கு என்று புறப்பட்டார்கள். அனுப்பியவன் ஒரு ஏஜென்சிக்காரன். பெயர் சொல்லமாட்டான். மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுகளில் இவர்களுடைய படத்தை ஒட்டி, கீர்த்தனனைச் சீத்தாராமன் ஆக்கி, சாம்பவியைக் கோமதி ஆக்கி, பாதி வழியில் ஆபிரிக்காவில் டோகோ என்ற நாட்டின் லோமே நகரத்தில் இறக்கிவிட்டான். அவர்களோடு இன்னும் ஏழு பேர். கடற்கரைக்குக் கிட்ட, தகரக் கூரை போட்ட ஒரு வீடு. மாஸ்டர் நேரில் வந்தது ஒரே ஒரு தரம். வெள்ளைச் சேட்டு, சென்ற் வாசம். கதிரையில்கூட இருக்கவில்லை. விசா அடிக்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டுகளை எல்லாம் வாங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கிழமை பொறுங்கோ, எல்லாம் வெல்லலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு வருசத்துக்கு மேல் போயிற்று.

வீட்டுக்காரி அஃபி நல்ல மனுசி. முற்றத்தில் காரி செய்து சந்தைக்குக் கொண்டுபோய் விற்பாள். காரி என்பது மரவள்ளிக் கிழங்கில் செய்வது. கிழங்கைத் துருவிச் சாக்கில் கட்டி, பாரம் ஏற்றிப் புளிக்கவிட்டு, நீரெல்லாம் வடிந்தபின் அரித்து, பெரிய தட்டைச் சட்டியில் வறுத்து எடுத்தால் மணல் மாதிரி உதிரியாக வரும். அதைச் சுடுதண்ணீரில் கிண்டினால் களி. தக்காளியும் கருவாடும் போட்ட குழம்போடு அந்தத் தெரு முழுக்க அதைத்தான் ருசித்துச் சாப்பிட்டது. அகப்பட்டுக் கிடந்த ஒன்பது பேருக்கும் அதே சாப்பாடு மறியல் வீட்டுக் கைதிச் சாப்பாடாகப் போயிற்று. சும்மா இருந்து சாப்பிடக் கூச்சப்பட்டு சாம்பவி அஃபியோடு கிழங்கு உரித்தாள், துருவினாள், வறுத்தாள். அஃபியின் பாஷை இவளுக்குத் தெரியாது, இவளுடையது அஃபிக்குத் தெரியாது. கை பார்த்துக் கை பழகிக்கொண்டது.

மழைக்காலத்தில் கீர்த்தனனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஆளை அடையாளம் தெரியாமல் உளறத் தொடங்கினான். பாஸ்போர்ட் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வரும் என்று மற்றவர்கள் பயந்தார்கள். சாம்பவி மாஸ்டருக்கு விடாமல் ஃபோன் எடுத்தாள். கடைசியில் எடுத்தான். பின்னால் பாட்டும் சிரிப்பும் கேட்டது. யாருடையதோ கொண்டாட்டம்.

“காய்ச்சலுக்குப் பனடோல் குடு. ரெண்டு நாளிலை மாறும்,” என்றான்.

அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. அஃபியின் தம்பி மோட்டார் சைக்கிளில் நடுவில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். புதைக்கிற இடத்தில் பெயர் கேட்டார்கள். அஃபியிடம் இருந்தது வீடு கொடுக்கும்போது எடுத்து வைத்த பாஸ்போர்ட் ஃபோட்டோ கொப்பி ஒன்றுதான். கீர்த்தனனைச் சீத்தாராமன் என்ற பலகையின் கீழ் புதைத்தார்கள்.

கௌரியும் அவளுடைய கணவன் குகதாசனும் வேறு வழி பார்த்து சாம்பவியைப் பாரிசுக்கு எடுத்தார்கள். அவளுக்கு விசா கிடைத்தது, வேலை கிடைத்தது, கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் நாலாம் மாடியில் ஓர் அறையும் குசினியும் கிடைத்தன. வருசங்கள் ஓடின.

இப்போது அந்தக் குரல் அக்காவின் மேசையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தது.

அக்காவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வேலைக்கு நடுவில் ஏப்ரனைக் கழற்றிவிட்டு அந்தப் புடவைக் கடைக்குப் போனாள். அவளுடைய கடையில் இருந்து கூப்பிடு தூரம். புடவை வாங்குகிற தேவை அவளுக்கு இருந்ததில்லை, அதனால் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறாளே தவிர உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. மாஸ்டரே எழுந்து வந்தான். தலை வழுக்கையாய் வெளித்திருந்தது, வயிறு வைத்திருந்தது, சென்ற் மட்டும் அதேதான்.

“வாங்கோ தங்கச்சி, வீட்டிலை விசேஷமோ?” என்று ஒரு மாம்பழக் கலர்ப் பட்டை விரித்துப் போட்டான்.

நேராக அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான். அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள், இப்போது தெரியும், இப்போது தெரியும் என்று. ஒரு சலனமும் இல்லை. கரையின் வேலைப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனான். அவள் நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தன்னுடைய கடைக் குசினிக்கு வந்து ஏப்ரனைத் திரும்பக் கட்டிக்கொண்டாள்.

அக்காவுக்குச் சொல்லலாம். சொன்னால் குகதாசன் அத்தான் ஃபோன் எடுத்து நாகரிகமாக ஒரு காரணம் சொல்லிச் சம்பந்தத்தை நிறுத்துவார். அவன் அடுத்த நாளும் கடையைத் திறந்து மாம்பழக் கலர்ப் பட்டை விரிப்பான். வரட்டும். வந்து இருக்கட்டும். மாஸ்டர் கதிரையில் இருந்து, அவள் கையால் வைத்ததைச் சாப்பிடட்டும். வாயில் வைத்ததும் அந்த வீடும் அந்த ஒன்பது பேரும் அவனுடைய தொண்டையில் நிற்க வேண்டும். அப்படித்தான் அவள் நினைத்தாள். அன்று பின்னேரமே அக்காவுக்கு எடுத்து, சம்பந்திகள் வருகிற அன்றைக்குச் சமையல் என்னுடைய பொறுப்பு என்றாள். கௌரி சந்தோசப்பட்டாள்.

பாரிசுக்கு வந்த நாளில் இருந்து சாம்பவி மரவள்ளியைத் தொட்டதில்லை. லா சப்பல் கடைகளில் மெழுகு பூசிய கிழங்கு பெட்டி பெட்டியாகக் கிடக்கும். பார்க்காத மாதிரிப் போய்விடுவாள். இப்போது பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து ஒவ்வொன்றாக நுனியை முறித்து, வெள்ளையாக இருக்கிறதா, கறுப்பு நரம்பு ஓடியிருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கினாள்.

வீட்டில் உரிக்கத் தொடங்கியதும் கை தானாக வேலை செய்தது. மண்ணிறத் தோலைச் சீவி, அதன் கீழே தடிப்பாக இருக்கும் இளஞ்சிவப்புத் தோலைக் கத்தியால் நெம்பி ஒரே சுற்றில் கழற்றினாள். கழுவினாள், துருவினாள். துருவலை அரிசிப் பையில் போட்டுக் கட்டி, குளியல் தொட்டிக்குள் வைத்து, அதன்மேல் பலகையும் தண்ணீர்க் கேன்களும் ஏற்றினாள். பால் போல நீர் வடிந்தது. இரண்டாம் நாள் புளிப்பு மணம் கிளம்பி மாடிப்படி வரைக்கும் போனது. கீழ்வீட்டில் இருந்த, டோகோவுக்குப் பக்கத்து பெனின் நாட்டுப் பெண் மணத்தைப் பிடித்து ஏறி வந்து, கதவைத் தட்டி, யார் இங்கே காரி செய்வது என்று சிரித்தாள். சொந்த ஊரைக் கண்ட மாதிரி அவளுடைய முகம் மலர்ந்திருந்தது. சாம்பவிக்கு வெட்கமாக இருந்தது. இன்னொருத்தியின் நல்ல சாப்பாட்டைத் தான் எதற்கு எடுத்து வைத்திருக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

கட்டியை உடைத்துப் புட்டு மா அரிக்கிற அரிதட்டில் அரித்தாள். தாச்சியை அடுப்பில் வைத்துப் பிடி பிடியாகப் போட்டு, அகப்பைப் பின்புறத்தால் அழுத்தி அழுத்தி வறுத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் இஞ்சி கிடந்தது. மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு என்று சின்ன வயதில் இருந்து கேட்டது நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் இஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். செத்துப்போகிறவனுக்கு என்ன தெரியப்போகிறது? அவன் இருக்க வேண்டும். இருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

சாப்பாட்டு நாள் வந்தது. காரியும் குழம்பும் மற்றக் கறிகளும் பையில், ஆர்.ஈ.ஆர். டி ரயில் பிடித்துப் பியர்ஃபித்துக்குப் போனாள். யசோதினி மஞ்சள் சுடிதார் போட்டு, கண்ணுக்கு மை வைத்திருந்தாள். கௌரி மற்றக் கறிகளை எல்லாம் பார்த்துப் பூரித்துவிட்டு, இந்தக் களி எதற்கு, சம்பந்திகளுக்கு முன்னால் இதை எப்படி வைப்பது என்று முணுமுணுத்தாள். புதுச் சாமான், சாப்பிட்டுப் பார்க்கட்டும் என்றாள் சாம்பவி.

அருட்பிரகாசமும் மனைவி சிவமணியும் ஐங்கரனும் வந்தார்கள். அமைதியான பெடியன், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வந்தது, ஆனாலும் கௌரியோடு தமிழிலேயே கதைத்தான். எல்லோரும் மேசையில் இருந்தார்கள். சாம்பவி பரிமாறினாள். அருட்பிரகாசத்தின் தட்டில் களி உருண்டையை வைத்து, தக்காளிக் குழம்பை ஊற்றிவிட்டு, சுவரோரம் போய் நின்றாள்.

அவன் கிள்ளினான், குழம்பில் தொட்டான், வாயில் போட்டான். மென்றான். இன்னொரு தரம் கிள்ளினான்.

“நல்லாய்க் கிடக்கு. லேசான புளிப்பு,” என்றான். “இது என்ன மா தங்கச்சி, ஒடியல் மாவோ?” மனைவியிடம் திரும்பி, இவவிடம் கேட்டு நீரும் ஒருக்கால் செய்து பாரும் என்றான்.

சாம்பவிக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லையே. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படிச் சீவித்தார்கள் என்று அவன் ஒருநாள்கூடக் கேட்டதில்லையே. தெரியாத ருசி அவனுக்கு எதை ஞாபகப்படுத்தும்? இத்தனை நாள் உரித்து, புளிக்கவைத்து, வறுத்து அவள் கொண்டுவந்தது அவனுக்கு ஒரு புதுச் சாப்பாடு. ருசித்துச் சாப்பிடுகிறான்.

அவள் களிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் போனாள்.

“மாஸ்டர், இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ?”

வாய்க்குப் போன கை அந்தரத்தில் நின்றது. தலை மெல்லத் திரும்பியது. இப்போது பார்த்தான். புடவைக் கடையில் பார்க்காத பார்வை.

“ஆரைச் சொல்லுறீர்?”

“உங்களைத்தான். லோமேயிலை எல்லாரும் அப்பிடித்தானே கூப்பிட்டனாங்கள்.”

சாம்பவி சட்டியை இறக்கி வைக்காமலே சொல்லத் தொடங்கினாள். குரலை உயர்த்தவில்லை. தகரக் கூரை வீட்டைச் சொன்னாள். பையில் போட்டுக்கொண்டு போன பாஸ்போர்ட்டுகளைச் சொன்னாள். காய்ச்சலைச் சொன்னாள், ஃபோனில் கேட்ட பாட்டைச் சொன்னாள், பனடோலைச் சொன்னாள். நீங்கள் இப்போது சாப்பிடுவதுதான் நாங்கள் அப்போது சாப்பிட்டது என்றாள். கணவனைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ‘இவர்’ என்றுதான் சொன்னாள். அவன் உயிரோடு இருந்த காலத்திலும் அவள் அவனுடைய பெயரை வாயால் சொன்னதில்லை.

ஐங்கரன் தகப்பனிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டான். பொய், ஆள் மாறிச் சொல்கிறா என்றான் தகப்பன். பெடியன் தாயைப் பார்த்தான். சிவமணி தட்டில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. அது போதுமாக இருந்தது அவனுக்கு. திரும்பவும் கேட்டான், இந்த முறை தமிழில்.

அருட்பிரகாசம் கையை உதறினான். “அந்த நேரம் நான் எத்தினை சனத்தைக் கொண்டந்து விட்டனான் தெரியுமோ? இண்டைக்கு எல்லாரும் வீடு வாசலோடை இருக்கினம். ஒண்டு ரெண்டு பிழைச்சுப்போச்சு. நான் வேணுமெண்டே செய்தனானோ?”

“செத்த ஆளின்ரை பேர் என்ன?” என்றான் ஐங்கரன்.

“சீத்தாராமன்,” என்றான் தகப்பன் உடனே. ஞாபகம் இருந்ததில் அவனுக்கு ஒரு தெம்பு வந்ததைப் போல இருந்தது.

“அது நீங்கள் வைச்ச பேர்,” என்றாள் சாம்பவி.

யசோதினி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குகதாசன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு இருந்தார். வந்தவர்கள் கை கழுவாமல் எழுந்து போனார்கள். மாடிப்படியில் ஐங்கரன் தகப்பனுக்கு என்ன சொன்னான் என்று உள்ளே யாருக்கும் கேட்கவில்லை.

கதவு சாத்தியதும் கௌரி தங்கச்சியிடம் திரும்பினாள். எப்போது தெரியும் என்று கேட்டாள். ஒரு மாதம் என்றாள் சாம்பவி.

“ஒரு மாசமோ? அப்ப என்ரை பிள்ளையைச் சோடிச்சுக் கொண்டந்து இருத்தினது உன்ரை கூத்துக்கோ?”

“முதலே சொன்னால் நீ அவனை வரவிட்டிருக்கமாட்டாய்.”

“ஓம், விட்டிருக்கமாட்டன். என்ரை வீட்டுச் சோறு தண்ணியிலை பழி தீர்த்துப்போட்டாய். போ சாம்பவி. இப்ப போ.”

அக்கா சொன்னதில் பிழை இல்லை என்று சாம்பவிக்குத் தெரிந்தது. யசோதினியின் மை வைத்த கண்ணும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் ரயிலில் வரும்போது, அந்தரத்தில் நின்ற அந்தக் கையைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். நினைக்கும்தோறும் இனித்தது.

கதை லா சப்பல் முழுக்கப் பரவியது. சில பெண்கள் அவனுடைய கடைக்குப் போவதை விட்டார்கள். சிலர் சாம்பவியிடமே வந்து, பழைய கதைகளைக் கிண்டி என்ன காணப்போகிறீர், உமக்கும் பிள்ளை குட்டி இருந்திருந்தால் தெரியும் என்றார்கள். அவள் ரோல்ஸ் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவளுடைய நாலாம் மாடிக் கதவு தட்டப்பட்டது. அருட்பிரகாசம் மூச்சு வாங்க நின்றான். சவரம் செய்திருக்கவில்லை. ஐங்கரன் வீட்டை விட்டுப் போய்த் தனியறை எடுத்துவிட்டானாம். ஃபோன் எடுக்கிறானில்லையாம். அன்று மாடிப்படியில் அவன் சொன்னது ஒன்றுதான்: செத்தவருடைய சரியான பெயரைத் தெரிந்துகொண்டு வாங்கோ, அதுக்குப் பிறகு கதைப்பம். கௌரி வீட்டில் இவனுக்குக் கதவு திறக்கவில்லை. லோமே வீட்டில் இருந்த மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று இவனுக்குத் தெரியாது. அவர்களின் பெயர் என்று இவன் அறிந்ததெல்லாம் இவனே வைத்தவைதான்.

“ஒரு பேர் தங்கச்சி. அதைச் சொன்னால் போதும்.”

சாம்பவி அவனை உள்ளே வரவிட்டாள். இருக்கச் சொல்லவில்லை. மூலையில் கிடந்த பையைக் காட்டினாள்.

“கிழங்கு கிடக்கு. உரியுங்கோ.”

அவன் விளங்காமல் பார்த்தான். அவள் கத்தியை நீட்டினாள். அவளும் ஒன்றையும் வாக்குக் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. செய்தால் சொல்லுவாள் என்று தானே நினைத்துக்கொண்டு கோட்டைக் கழற்றிவிட்டுக் கீழே இருந்தான். முழங்கால் மடங்கக் கஷ்டப்பட்டான். தோல் ஒரே சுற்றில் வராமல் துண்டு துண்டாகப் பிய்ந்தது. சிவப்புத் தோலையும் எடுக்க வேண்டும் என்று அவள் மேலே நின்று சொன்னாள். துருவும்போது விரல் முட்டி துருவியில் பட்டுத் தோல் போனது. சூப்பிக்கொண்டு அவளைப் பார்த்தான். கையைக் கழுவிவிட்டுத் துருவுங்கோ என்றாள். யன்னலுக்கு நேரே பாலத்தில் மெத்ரோ போகும்போதெல்லாம் கண்ணாடி அதிர்ந்தது. பையைக் கட்டிப் பாரம் ஏற்ற வைத்தபின், புளிக்க வேண்டும், வியாழக்கிழமை வாங்கோ என்று அனுப்பினாள்.

வியாழக்கிழமை வந்தான். அரித்தான். அடுப்புக்கு முன்னால் நின்று வறுத்தான். கிண்டாமல் விட்டால் அடியில் பிடிக்கும், பிடித்தால் இன்னொரு தரம் முதலில் இருந்து என்று அவள் சொல்லியிருந்தாள். ஆவி முகத்தில் அடிக்க, சேட்டு முதுகோடு ஒட்ட, கையை எடுக்காமல் கிண்டினான். கிண்டிக்கொண்டே கதைத்தான். தனக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள் என்றான். விசா அடிக்கிறவன் கடைசியில் கையை விரித்துவிட்டான், பாஸ்போர்ட்டுகள் அவனிடமே போய்விட்டன, முகம் காட்டப் பயந்து நம்பரை மாற்றினேன் என்றான். ஆள் செத்தது அப்போது சத்தியமாகத் தெரியாது என்றான்.

“சாகக் கிடக்கிறார் எண்டு நான் ஃபோனிலை சொன்னனான்.”

“ஒரு நாளைக்கு எத்தினை பேர் எடுப்பினம் தங்கச்சி. எல்லாரும் சாகக் கிடக்கிறம் எண்டுதான் சொல்லுவினம்.”

காரி நன்றாக வறுபட்டு உதிர்ந்தது. அஃபி பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்கமாட்டாள். சாம்பவி தண்ணீரைக் கொதிக்கவைத்து, இரண்டு பிடி அள்ளிப் போட்டு, களியாகக் கிண்டி ஒரு தட்டில் வைத்தாள். நேற்று வைத்த மீன் குழம்பை ஊற்றினாள். ஒரு தட்டுத்தான். மேசையில் தான் மட்டும் இருந்து சாப்பிடத் தொடங்கினாள். வீட்டுக்கு வந்த ஆளை நிற்கவைத்துக்கொண்டு, ஒரு வாய் சாப்பிடுகிறீர்களா என்று கேட்காமல் அவள் சாப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். அவன் கரண்டியைப் பிடித்தபடி அடுப்படியிலேயே நின்றான். அவள் ஆறுதலாக, குழம்பை வழித்து, கடைசி உருண்டை வரைக்கும் சாப்பிட்டாள்.

“நான் எல்லாம் செய்துபோட்டன்,” என்றான் அவன். “இனிச் சொல்லுங்கோ.”

“சொல்லமாட்டன்.”

“தங்கச்சி, என்ரை ஒரே பிள்ளை…”

“நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை. இவர் அங்கை நீங்கள் எழுதின பேரோடைதான் மண்ணுக்குள்ளை கிடக்கிறார். நீங்களும் அந்தப் பேரோடையே இருங்கோ.”

அவன் அழுதான். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க அழுதான். இரக்கம் வருமோ என்று சாம்பவி தன்னைத்தானே பார்த்துக்கொண்டு இருந்தாள். வரவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கோட்டை எடுத்து அவனுடைய கையில் கொடுத்து, கதவைத் திறந்தாள்.

அடுத்த வருசம் வசந்தத்தில் பியர்ஃபித் நகரசபையில் யசோதினிக்கும் ஐங்கரனுக்கும் பதிவு நடந்தது. சிவமணி தனியாக வந்தாள். முதல் வரிசையில், பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்துக்கொண்டு இருந்த அவளைப் பார்த்துவிட்டு சாம்பவி கண்ணைத் திருப்பிக்கொண்டாள். யசோதினி அதுவரைக்கும் சித்தியோடு முகம் கொடுத்துக் கதைத்திருக்கவில்லை. அன்றும் கன்னத்தில் முத்தம் மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டில் சாப்பாட்டு நேரம் கௌரி ஒரு கரண்டியை நீட்டி, உப்புக் காணுமோ எண்டு பார் என்றாள். சாம்பவி பார்த்துச் சொன்னாள். அப்படித்தான் அக்காவும் தங்கச்சியும் திரும்பக் கதைக்கத் தொடங்கினார்கள்.

ஐங்கரன் அவளிடம் வந்து, அப்பா உங்களிடம் வந்தவரோ என்று கேட்டான். ஓம் என்றாள். அவனுக்கு ஒரு துண்டு வடையை எடுத்து வைத்தாள்.

லா சப்பலில் அவள் தன்னுடைய வேலை நேரத்தை முதலாளியிடம் கேட்டு மாற்றிக்கொண்டாள். அருட்பிரகாசம் கடையின் ஷட்டர்க் கதவைத் தூக்குகிற நேரத்துக்கு, அவள் தன்னுடைய கடை வாசலில் வந்து கையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். ஒன்றும் செய்யமாட்டாள், ஒன்றும் சொல்லமாட்டாள். அவன் பார்க்காத மாதிரிப் பூட்டோடு மல்லுக்கட்டுவான். கையில் திறப்பு வழுக்கும். அவன் உள்ளே போகும்வரைக்கும் நின்றுவிட்டு அவள் ரோல்ஸ் சுற்றப் போவாள். அவளோடு வேலை செய்கிற பெண், எத்தனை நாளைக்கு அக்கா, விட்டுவிடுங்கோவன் என்றாள். சாம்பவி தோளைக் குலுக்கினாள்.

ஒருநாள் கதவு தூக்கப்படவில்லை. அடுத்த நாளும் இல்லை. கிழமை முடிவில் இரண்டு பேர் வந்து பெயர்ப் பலகையைக் கழற்றினார்கள். அன்று சாம்பவிக்குக் கை ஓடவில்லை. மாவைத் தடிப்பாக உருட்டி முதலாளியிடம் பேச்சு வாங்கினாள். பின்னேரம் பக்கத்து நகைக் கடைக்காரரிடம் போய், அந்தப் புடவைக் கடைக்காரர் எங்கே போய்விட்டார் என்று சும்மா விசாரிப்பது போல விசாரித்தாள்.

லா கூர்னெவ் பக்கம் சின்னதாக ஒரு கடை எடுத்திருக்கிறாராம் என்றார் அவர்.

லா கூர்னெவ் ஒன்றும் தூரம் இல்லை என்று நினைத்துக்கொண்டாள் சாம்பவி. கார் து நோரில் ஏறினால் கொஞ்ச நேரம்தான்.